இன்டர்வெல் ஷெட்யூலிங்: எதை வைத்து அடுக்குவது, எங்கே சமக்குறி போடுவது

முன்பதிவு மென்பொருள் எழுதுவதுதான் என் பிழைப்பு. கூட்ட அறை, ஆய்வகக் கருவி, ஒலிப்பதிவுக் கூடம் என்று பயன்படுத்துபவர்கள் எதை முன்பதிவு செய்தாலும் உள்ளே ஓடும் கணக்கு ஒன்றுதான், அதன் பெயர் இன்டர்வெல் ஷெட்யூலிங். தொடக்க நேரமும் முடிவு நேரமும் கொண்ட கோரிக்கைகள் வந்து குவியும், ஒன்றோடொன்று மோதும், அவற்றில் எதை ஏற்பது, எதை விடுவது என்று நிரல் சொல்ல வேண்டும். நேர்காணலில் கேள்வி கேட்கும் பக்கம் உட்காரும்போதும் பெரும்பாலும் இதையேதான் கேட்பேன். கோட் பத்து வரியைத் தாண்டாது. அந்தப் பத்து வரியில் சறுக்கக்கூடிய இடம் இரண்டுதான்: பட்டியலை எதை வைத்து அடுக்குகிறோம், ஒப்பிடும்போது சமக்குறி போடுகிறோமா இல்லையா. ஒருவர் யோசிக்கும் விதம் அந்த இரண்டு இடத்திலேயே தெரிந்துவிடும்.

கீழே வருவது எந்த மொழிக்கும் சொந்தமில்லாத மாதிரிக் கோட். பைத்தான், ஜாவா, சி பிளஸ் பிளஸ் எதற்கு வேண்டுமானாலும் வரிக்கு வரி மாற்றிக்கொள்ளலாம். (பைத்தான் 3 தமிழ் எழுத்தில் மாறிப் பெயர்களை ஏற்றுக்கொள்ளும் என்பதால் சில வரிகள் அப்படியே ஓடும். அலுவலகக் கோடில் மட்டும் இதைச் செய்து பார்க்காதீர்கள்.)

முதலில் கேள்வி எது என்று பாருங்கள்

ஒரே மாதிரி தெரியும் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஒரே அறை இருக்கிறது, அதில் மோதாமல் எத்தனை முன்பதிவுகளை அதிகபட்சம் ஏற்கலாம் என்பது ஒன்று. ஒவ்வொரு முன்பதிவுக்கும் ஒரு மதிப்பு உண்டு, மொத்த மதிப்பு அதிகமாக வரவேண்டும் என்பது இன்னொன்று. யாரையும் விடக்கூடாது, எல்லோரையும் ஏற்கக் குறைந்தது எத்தனை அறை வேண்டும் என்பது மூன்றாவது. முதலாவதுக்கு முடிவு நேரப்படி அடுக்கி கிரீடி (ஒவ்வொரு படியிலும் அப்போதைக்குச் சிறந்ததை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காத முறை). இரண்டாவதுக்கு முடிவு நேரப்படி அடுக்கி டைனமிக் புரோகிராமிங் (சின்னச் சிக்கல்களின் விடைகளைச் சேமித்து வைத்துப் பெரிய விடையைக் கட்டும் முறை). மூன்றாவதுக்குத் தொடக்க நேரப்படி அடுக்கி ஹீப் (மிகச் சிறியது எப்போதும் மேலே நிற்கும் தரவு அமைப்பு). ஒன்றின் தீர்வை இன்னொன்றில் ஒட்டினால் எந்தப் பிழைச்செய்தியும் வராது, விடை மட்டும் கமுக்கமாகத் தப்பாக வரும். அதனால் விசைப்பலகையில் கை வைப்பதற்கு முன், "எதை அதிகமாக்க வேண்டும்?" என்பதை ஒரு வரியில் எழுதிவைத்துவிடுங்கள்.

அப்புறம் இன்னொரு கேள்வியும் உண்டு, அதைப் பலர் கேட்பதே இல்லை: கோரிக்கைகள் எல்லாம் முன்கூட்டியே கையில் இருக்கின்றனவா? வரவர உடனே உறுதி செய்தாக வேண்டும் என்றால் அடுக்குவதற்குப் பட்டியலே கிடையாது. அது வேறு சிக்கல். இங்கே சொல்வது எல்லாம், ஒரு கெடு வரை கோரிக்கைகளைச் சேர்த்து வைத்து மொத்தமாக முடிவெடுக்கும் இடங்களுக்குத்தான்.

11 மணிக்கு முடிவதும் 11 மணிக்குத் தொடங்குவதும்

9 முதல் 11 வரை ஒருவர், 11 முதல் 13 வரை இன்னொருவர். இவர்கள் மோதுகிறார்களா? அறை முன்பதிவில் மோதவில்லை. ஆனால் "5ஆம் தேதி முதல் 7ஆம் தேதி வரை ஒரு வேலை, 7ஆம் தேதி முதல் 9ஆம் தேதி வரை இன்னொன்று" என்று நாள் கணக்கில் சொன்னால் இரண்டும் 7ஆம் தேதியைக் கேட்கின்றன, மோதுகின்றன. இதைச் சிக்கல்தான் சொல்ல வேண்டும், நாமாக ஊகிக்கக்கூடாது.

பயிற்சித் தளங்களிலேயே இரண்டும் உண்டு. லீட்கோட் 435ஆம் கேள்வி, தொட்டுக்கொண்டிருக்கும் துண்டுகள் (தொடக்கமும் முடிவும் கொண்ட இடைவெளிகள்) மோதுவதில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. பலூன்களை அம்பால் உடைக்கும் 452ஆம் கேள்வியில், ஒரு பலூன் முடியும் புள்ளியில் இன்னொன்று தொடங்கினால் அந்தப் புள்ளியில் விட்ட ஒரே அம்பு இரண்டையும் உடைத்துவிடும், அதாவது தொட்டாலே மோதல்தான். இரண்டுக்கும் அல்காரிதம் ஒன்றே. வித்தியாசம் ஒரு சமக்குறி.

என் வழக்கம் இது: உள்ளே வரும் எல்லாவற்றையும் தொடக்கம் சேர்ந்தது, முடிவு சேராதது என்ற பாதித்திறந்த வடிவத்துக்கு வாசலிலேயே மாற்றிவிடுவேன். நாள் கணக்கில் 5 முதல் 7 வரை என்று வந்தால் உள்ளே அது 5, 8 ஆகிவிடும். முடிவோடு ஒன்றைக் கூட்டுவது அந்த ஒரே இடத்தில்தான், அதற்குப் பிறகு கோட் முழுக்க ஒரே விதி. இது என் கண்டுபிடிப்பு இல்லை. கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1982இல் எழுதிய ஒரு குறிப்பில் எண் வரிசைகளுக்கு இதே வடிவத்தைத்தான் பரிந்துரைத்தார்: முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் நீளம் வந்துவிடும், அடுத்தடுத்த துண்டுகளில் ஒன்றின் முடிவே மற்றதன் தொடக்கம். காலண்டர் நிகழ்வுகளைப் பரிமாறும் ஐகேலண்டர் வடிவத்திலும் முடிவு நேரம் நிகழ்வில் சேராது. 14ஆம் தேதி முழுநாள் நிகழ்வு என்றால் கோப்பில் முடிவு 15 என்று இருக்கும். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்து வைக்கும் ரேஞ்ச் வகைகளிலும், நாம் எதுவும் சொல்லாவிட்டால் இதுதான் இயல்பு நிலை.

இதை ஒத்துக்கொண்டபின் இரண்டு முன்பதிவுகள் மோதுகின்றனவா என்று பார்க்க ஒரே வரி போதும்:

    மோதுகிறதா = (அ.தொடக்கம் < ஆ.முடிவு) மற்றும் (ஆ.தொடக்கம் < அ.முடிவு)

"இது அதற்குள் இருந்தால், அது இதற்குள் இருந்தால், இடது பக்கம் மட்டும் உரசினால், வலது பக்கம் மட்டும் உரசினால்" என்று நான்கு நிபந்தனை எழுதி வைத்திருக்கும் கோடை நான் அடிக்கடி பார்க்கிறேன். அதில் ஏதாவது ஒன்றில் சமக்குறி மாறிப்போயிருக்கும். ஒரே வரியாக்கிவிட்டால் பார்ப்பதற்கு ஒரே இடம்தான்.

ஒரே அறை, எத்தனை பேர்?

இந்த எட்டு முன்பதிவுகளை வைத்துக்கொள்வோம். கடைசி வரை இதே பட்டியல்தான்.

    க: 8–14
    ச: 9–11
    ட: 10–12
    த: 11–13
    ப: 12–15
    ம: 13–16
    ய: 15–17
    ர: 16–18

யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, "முதலில் தொடங்குவதை முதலில் எடு." எடுத்துப் பாருங்கள். க 8 மணிக்கே வந்து உட்கார்ந்து 14 வரை நகராது. அதன்பிறகு கிடைப்பது ய மட்டும். மொத்தம் இரண்டு.

அடுத்து வரும் யோசனை, "குட்டையானதை முதலில் எடு." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 9–12, 11–13, 12–15 என்று மூன்று வந்தால், இரண்டே மணி நேரமுள்ள நடு முன்பதிவை எடுத்துவிட்டு இரண்டு பக்கத்திலும் உள்ள மூன்று மணி நேர முன்பதிவுகளை இழப்போம். இரண்டு கிடைக்க வேண்டிய இடத்தில் ஒன்று.

மூன்றாவது யோசனை கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது: "மற்றவற்றோடு குறைவாக மோதுவதை முதலில் எடு." இதை உடைப்பதற்குச் சின்ன உதாரணம் போதாது என்பதால் சிலர் இதிலேயே நின்றுவிடுகிறார்கள். இதோ ஒன்று: 0–3, 3–6, 6–9, 9–12 என்று நான்கு. 2–4 என்று ஒரே நேரத்தில் மூன்று. 8–10 என்று மூன்று. நடுவில் 5–7 ஒன்று. மொத்தம் பதினொன்று. 5–7 மோதுவது இரண்டோடு மட்டும், மற்ற எல்லாம் மூன்றோ நான்கோ. ஆகவே 5–7 முதலில் உள்ளே வரும், 3–6, 6–9 இரண்டும் வெளியே போகும். பிறகு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, ஆக மூன்று. சரியான விடையோ நான்கு, முதல் வரியில் சொன்ன அந்த நான்குமே.

சரியான வழி, முதலில் முடிவதை முதலில் எடுப்பது. (கோடில் சாவி என்பது எதை வைத்து அடுக்குகிறோமோ அது.) 

    செயல் அதிகபட்சம்(பட்டியல்):
        பட்டியலை (முடிவு, தொடக்கம்) என்ற சாவியால் அடுக்கு
        கடைசி = கழித்தல் முடிவிலி
        தேர்வு = []
        பட்டியலில் உள்ள ஒவ்வொரு மு-க்கும்:
            மு.தொடக்கம் >= கடைசி என்றால்:
                தேர்வில் மு-வைச் சேர்
                கடைசி = மு.முடிவு
        திருப்பு தேர்வு

நம் பட்டியலில் ஓட்டிப் பார்க்கலாம். முடிவுப்படி அடுக்கினால் ச, ட, த, க, ப, ம, ய, ர. முதலில் ச உள்ளே, கடைசி 11. ட 10க்குத் தொடங்குகிறது, வெளியே. த 11க்குத் தொடங்குகிறது, 11 >= 11, உள்ளே, கடைசி 13. க, ப இரண்டும் வெளியே. ம 13க்கு, உள்ளே, கடைசி 16. ய வெளியே. ர 16க்கு, உள்ளே. ச, த, ம, ர என்று நான்கு.

இப்போது >= இருக்கும் இடத்தில் வெறும் > போட்டு இதே பட்டியலை ஓட்டுங்கள். ச உள்ளே, த வெளியே, ப 12க்குத் தொடங்குவதால் உள்ளே, ய 15 > 15 இல்லை என்பதால் வெளியே, ர உள்ளே. மூன்று. நிரல் உடையவில்லை, எச்சரிக்கை இல்லை, ஒரு வாடிக்கையாளர் மட்டும் காரணம் தெரியாமல் மறுக்கப்பட்டிருப்பார்.

நேர்காணலில் "ஏன் இது சரி?" என்று கேட்டால் பலர் "அறை சீக்கிரம் காலியாகும்" என்கிறார்கள். உள்ளுணர்வு சரிதான், நிரூபணம் இன்னும் ஒரு படி. எந்தச் சிறந்த தேர்வை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் முதலில் முடிவது ஒன்று இருக்கும். அதை நீக்கிவிட்டு, மொத்தப் பட்டியலிலேயே முதலில் முடிவதை அந்த இடத்தில் வையுங்கள். புதிதாக வந்தது பழையதைவிடத் தாமதமாக முடியாது, அதனால் பின்னால் இருப்பவை எதோடும் மோதாது. எண்ணிக்கையும் குறையவில்லை. ஆக நம் முதல் தேர்வைக் கொண்ட ஒரு சிறந்த விடை எப்போதும் உண்டு. அதை எடுத்தபின் மிச்சமிருப்பது அதே சிக்கலின் சின்ன வடிவம், அங்கேயும் இதே வாதம். மற்ற மூன்று யோசனைகளில் இந்த மாற்றி வைக்கும் வேலை நடக்காது. க-வை எடுத்து ச இருந்த இடத்தில் வைத்தால் பின்னால் இருக்கும் த மோதிவிடும்.

காலக்கணக்கு அடுக்குவதிலேயே முடிந்துவிடுகிறது, n log n (n என்பது முன்பதிவுகளின் எண்ணிக்கை). அதன்பின் ஒரே லூப்.

கோடில் சில நுணுக்கங்கள். கடைசி என்பதைப் பூஜ்யத்தில் தொடங்காதீர்கள். நேரம் என்றால் பரவாயில்லை, எண்கோட்டில் கழித்தல் எண்கள் வரும் கேள்விகளில் முதல் துண்டையே இழப்பீர்கள். பைத்தானில் வெறுமனே சார்ட் என்று அழைத்தால் டியூப்பிளின் (தொடக்கம், முடிவு என்ற தொகுப்பின்) முதல் உறுப்பான தொடக்கத்தை வைத்துத்தான் அடுக்கும், சாவியைச் சொல்லியே ஆகவேண்டும். ஜாவாவில் ஒப்பிடுவதற்கு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து எழுதும் பழக்கம் பலருக்கு உண்டு. 452ஆம் கேள்வியில் எண்கள் 32 பிட் முழு எண்ணின் இரண்டு எல்லை வரை வரலாம், கழித்தால் வழிந்து குறி மாறிவிடும். அதற்கென்றே இருக்கும் ஒப்பிடும் செயலைப் பயன்படுத்துங்கள். சி பிளஸ் பிளஸில் ஒப்பீட்டுச் செயலுக்குள் <= போட்டால் சார்ட்டின் நிபந்தனையே மீறப்படுகிறது, சில பட்டியல்களில் நிரல் அப்படியே கவிழும். அங்கே எப்போதும் < மட்டும்.

அடுக்கும் சாவியில் தொடக்கத்தையும் சேர்த்திருக்கிறேன், கவனித்தீர்களா? பாடங்களில் "முடிவு சமமாக இருந்தால் எது முன்னால் வந்தாலும் ஒன்றுதான்" என்று இருக்கும். நீளம் பூஜ்யமான துண்டுகள் இல்லாதவரை அது உண்மை. 5–5 என்று ஒன்றும் 3–5 என்று ஒன்றும் வந்தால்? 5–5 முன்னால் வந்தால் கடைசி 5 ஆகி, 3–5 தள்ளுபடி, விடை ஒன்று. 3–5 முன்னால் வந்தால் அதுவும் உள்ளே, 5 >= 5 என்பதால் 5–5உம் உள்ளே, விடை இரண்டு. நிஜ அமைப்பில் நீளம் பூஜ்யமான முன்பதிவை வாசலிலேயே திருப்பி அனுப்புவதுதான் நல்லது என்பேன். ஆனாலும் சாவியில் ஒரு உறுப்பு கூடுதலாக இருப்பதால் எதுவும் குறைந்துவிடாது.

இதே கோட் வேறு வேடத்திலும் வரும். "மோதல் இல்லாமல் இருக்கக் குறைந்தது எத்தனையை நீக்க வேண்டும்?" என்றால் மொத்தத்திலிருந்து இந்த விடையைக் கழியுங்கள், 435 அதுதான். "எத்தனை அம்பு வேண்டும்?" என்றால் >= போய் > வரும், தேர்வின் நீளமே விடை.

மதிப்பு வந்தால் கிரீடி போதாது

ஒவ்வொரு முன்பதிவுக்கும் ஒரு மதிப்பு கொடுப்போம்: ச 2, ட 4, த 4, க 7, ப 6, ம 3, ய 5, ர 2. முன்பு எடுத்த நான்கையும் கூட்டினால் 2 + 4 + 3 + 2, அதாவது 11. இதைவிட நன்றாகச் செய்யலாம், ஆனால் முதலில் முடிவதை எடுத்துக்கொண்டே போனால் முடியாது. மதிப்பு அதிகமானதை முதலில் எடுப்பதும் ஏமாற்றும்: க-வை எடுத்தால் 7, அதன்பின் ய 5, மொத்தம் 12.

முடிவுப்படி அடுக்கிய பட்டியலில் ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி: உன்னை விடட்டுமா, எடுக்கட்டுமா? விட்டால் இதற்கு முந்தைய வரையிலான சிறந்த விடை அப்படியே. எடுத்தால் உன் மதிப்போடு, நீ தொடங்குவதற்குள் முடிந்தவற்றின் சிறந்த விடை. இரண்டில் பெரியது.

    செயல் அதிக_மதிப்பு(பட்டியல்):
        பட்டியலை (முடிவு, தொடக்கம்) என்ற சாவியால் அடுக்கு
        முடிவுகள் = அடுக்கிய வரிசையில் முடிவு நேரங்கள்
        சிறந்தது[0] = 0
        இ = 1 முதல் எண்ணிக்கை வரை:
            மு = இ-ஆவது முன்பதிவு
            முன் = முதல் (இ − 1) முடிவுகளில் மு.தொடக்கம் அல்லது அதற்குள் முடிந்தவை எத்தனை
            சிறந்தது[இ] = பெரியது(சிறந்தது[இ − 1], மு.மதிப்பு + சிறந்தது[முன்])
        திருப்பு சிறந்தது[எண்ணிக்கை]

முன் என்பதைக் கண்டுபிடிக்கப் பின்னோக்கி ஒவ்வொன்றாகத் தேடினால் விடை சரியாகவே வரும், ஆனால் ஒரு லட்சம் கோரிக்கைகளுக்கு நெடுநேரம் உட்கார வேண்டியிருக்கும். முடிவுகள் ஏற்கெனவே ஏறுவரிசையில் இருப்பதால் பைனரி சர்ச் (பாதி பாதியாக வெட்டித் தேடுவது) போதும். பைத்தானில் பைசெக்ட்_ரைட். சமமான முடிவையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதால் ரைட். தொட்டால் மோதல் என்ற விதியில் அது லெஃப்ட் ஆகிவிடும். சமக்குறி இங்கே இப்படி வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

நம் எட்டையும் ஓட்டினால், சிறந்தது என்ற அட்டவணை 0இல் தொடங்கி இப்படி நிரம்பும்: ச வரை 2. ட-வை எடுத்தால் 4, அதுவே நிற்கும். த-வுக்கு முன்னால் ச முடிந்துவிட்டது, 4 + 2, ஆக 6. க தனியாக 7. ப 12க்குத் தொடங்குகிறது, அதற்குள் ட வரை முடிந்தாயிற்று, 6 + 4, ஆக 10. ம-வை எடுத்தால் 3 + 6, வெறும் 9, அதனால் 10 அப்படியே. ய 15க்குத் தொடங்குகிறது, ப வரையிலான 10ஓடு 5 சேர்ந்து 15. ர-வை எடுத்தால் 12தான், ஆகவே 15. விடை 15.

எதை எடுத்தோம் என்று தெரிய வேண்டாமா? அட்டவணையின் கடைசியிலிருந்து பின்னால் வாருங்கள். ர இடத்திலும் 15, அதற்கு முன்னும் 15, ஆக ர இல்லை. ய இடத்தில் 10இலிருந்து 15 ஆகியிருக்கிறது, ய உண்டு, அங்கிருந்து அதன் முன் என்ற இடமான ப-வுக்குத் தாவுங்கள். ப உண்டு, அங்கிருந்து ட-வுக்கு. ட உண்டு, அங்கிருந்து 0. ட, ப, ய. எண்ணிக்கை நான்கிலிருந்து மூன்றாகக் குறைந்தது, மதிப்பு 11இலிருந்து 15 ஆனது. தேர்வை ஒவ்வொரு படியிலும் பட்டியலாக நகலெடுத்துக் கொண்டுபோகும் கோடையும் பார்த்திருக்கிறேன். நினைவகம் வீண். முன் என்பதை ஒரு வரிசையில் சேமித்துவைத்தால் போதும்.

"முதல் (இ − 1) முடிவுகளில்" என்று வரம்பு போட்டிருப்பதற்கும் காரணம் உண்டு. 5–5 என்ற துண்டு வந்தால், மொத்தப் பட்டியலில் தேடும்போது அதன் முடிவும் 5க்குள் இருப்பதால் தன்னையே எண்ணிக்கொள்ளும், இன்னும் நிரம்பாத கட்டத்தைப் படிக்கப் போகும்.

பயிற்சிக்கு லீட்கோட் 1235 எடுத்துக்கொள்ளலாம், அதில் தொட்டால் மோதல் இல்லை. சிஎஸ்இஎஸ் என்ற பயிற்சித் தொகுப்பில் புராஜெக்ட்ஸ் என்ற கேள்வி இதன் நாள்கணக்கு வடிவம், அங்கே தொட்டால் மோதல். இரண்டையும் அடுத்தடுத்து போட்டுப் பார்த்தால் லெஃப்ட், ரைட் வித்தியாசம் கையில் ஊறிவிடும்.

எல்லோருக்கும் இடம் கொடுக்க எத்தனை அறை?

ஒரே நொடியில் அதிகபட்சம் எத்தனை முன்பதிவுகள் நடக்கின்றனவோ அத்தனை அறை கண்டிப்பாக வேண்டும். அதற்குமேல் ஒன்றுகூடத் தேவையில்லை என்பதுதான் சுவாரசியம். தொடக்கப்படி அடுக்கிக் கொடுத்துக்கொண்டே வந்தால், புதிய அறை திறக்கும் தருணத்தில் பழைய அறை எல்லாம் நிஜமாகவே நிரம்பியிருக்கும், வீணாக ஒரு அறையும் திறக்காது.

    செயல் அறைகள்(பட்டியல்):
        பட்டியலைத் தொடக்கத்தால் அடுக்கு
        ஹீப் = காலி     (எந்த அறை எப்போது காலியாகும்; சிறியது மேலே)
        பட்டியலில் உள்ள ஒவ்வொரு மு-க்கும்:
            ஹீப் காலியில்லை மற்றும் ஹீப்பின் மேல் <= மு.தொடக்கம் என்றால்:
                மேலே இருப்பதை எடுத்துவிடு
            ஹீப்பில் மு.முடிவு சேர்
        திருப்பு ஹீப்பின் அளவு

நம் பட்டியலுக்கு மூன்று அறை. 10க்கும் 11க்கும் இடையில் க, ச, ட மூன்றும் ஓடுவதைப் பார்த்தாலே தெரியும். எந்த அறை யாருக்கு என்று சொல்ல வேண்டுமானால் முடிவோடு அறை எண்ணையும் ஹீப்பில் போடுங்கள்.

எண்ணிக்கை மட்டும் போதும் என்றால் ஹீப்பே வேண்டாம். தொடக்கத்துக்கு +1, முடிவுக்கு −1 என்று நிகழ்வுகளாக உடைத்து, நேரப்படி அடுக்கி, ஓடும் கூட்டலின் உச்சத்தைப் பாருங்கள். ஒரே நேரத்தில் −1உம் +1உம் வந்தால் −1 முன்னால் வர வேண்டும். (நேரம், ±1) என்று ஜோடியாக வைத்தால் எண்ணின் இயல்பான வரிசையே அதைச் செய்துவிடும், −1 சிறியது. மாற்றி வந்தால் 11 மணிக்கு ச வெளியேறும் முன் த உள்ளே நுழைந்து, உச்சம் நான்காகக் காட்டும். வாங்காத அறைக்கு வாடகை கொடுக்கச் சொல்லும் விடை அது.

அறைகள் இத்தனைதான், அவற்றில் எத்தனை பேரை அதிகபட்சம் சேர்க்கலாம் என்பது முதல் கேள்வியும் மூன்றாவதும் கலந்தது. முடிவுப்படி அடுக்குங்கள். ஒவ்வொரு முன்பதிவுக்கும், அது தொடங்குவதற்குள் காலியான அறைகளில் கடைசியாகக் காலியானதைக் கொடுங்கள், முதலில் காலியானதை அல்ல. நீண்ட நேரம் காலியாக இருக்கும் அறை, சீக்கிரமே தொடங்கும் வேறொருவருக்கு இன்னும் உதவும். இதற்கு ஹீப் சரிவராது, நடுவிலிருந்து எடுக்க வேண்டும். சி பிளஸ் பிளஸில் மல்டிசெட் (ஒரே மதிப்பு பலமுறை வரக்கூடிய, எப்போதும் அடுக்கியே இருக்கும் தொகுப்பு), பைத்தானில் அறைகள் குறைவு என்றால் அடுக்கிய பட்டியலும் பைசெக்டும்.

நேரத்தை எண்ணாக்குவது

இவ்வளவையும் சரியாக எழுதிவிட்டு, நேரத்தைச் சரமாக, அதாவது எழுத்துகளின் வரிசையாக, வைத்து ஒப்பிட்டால் எல்லாம் வீண். "10:00" என்ற சரம் "9:00" என்பதைவிடச் சிறியது, 1 என்ற எழுத்து 9க்கு முன்னால் வருவதால். நிமிடமாகவோ நொடியாகவோ முழு எண்ணாக்கிவிடுங்கள், தேதியோடு சேர்த்து, ஒரே நேர மண்டலத்தில். 23 மணிக்குத் தொடங்கி 1 மணிக்கு முடிவது தேதி இருந்தால் சாதாரண துண்டுதான். தேதியே இல்லாமல் தினமும் திரும்பத் திரும்ப வரும் அட்டவணை என்றால் மட்டும் நேரம் வட்டமாகிறது. அப்போது நள்ளிரவைத் தாண்டுபவற்றில் அதிகபட்சம் ஒன்றைத்தான் எடுக்க முடியும். எதுவும் எடுக்காமல் ஒரு முறை, அப்படித் தாண்டும் ஒவ்வொன்றையும் கட்டாயம் எடுத்துக்கொண்டு ஒரு முறை, மிச்சத்துக்கு நேர்க்கோட்டு கிரீடியை ஓட்டி, வந்ததில் பெரியதை எடுங்கள்.

சோதிப்பது

இந்தச் சிக்கலுக்குக் கையால் எழுதிய டெஸ்ட்களை நான் அதிகம் நம்புவதில்லை. எழுதும் நமக்குத் தோன்றாத சமநிலைதான் கோடுக்கும் தோன்றியிருக்காது. அதற்குப் பதில் முரட்டுத்தனமான இரண்டாவது தீர்வு ஒன்றை எழுதுங்கள்: எல்லா உட்கணங்களையும் உருவாக்கி, மேலே சொன்ன ஒற்றை வரி மோதல் சோதனையைப் போட்டு, மோதாதவற்றில் பெரியதை எடுப்பது. 12 துண்டுகளுக்கு 4096 உட்கணங்கள், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். தற்செயல் பட்டியல்களை உருவாக்கி இரண்டு விடையையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கட்டும்.

இதில் ஒரு விஷயம் முக்கியம்: நேரங்களை 0 முதல் 10க்குள் வையுங்கள். பெரிய எண்களில் தற்செயலாக எடுத்தால் ஒன்றின் முடிவும் இன்னொன்றின் தொடக்கமும் சமமாவது அரிது, > போட்ட கோடும் >= போட்ட கோடும் ஒரே விடையைத் தந்துகொண்டே போகும். சின்ன எல்லைக்குள் நெருக்கினால் தொடுதலும் சமமான முடிவுகளும் பட்டியலுக்குப் பட்டியல் வரும். காலிப் பட்டியல், ஒரே துண்டு, எல்லாம் ஒரே நேரம், நீளம் பூஜ்யம் ஆகிய நான்கையும் தனியாகச் சேருங்கள். முடிவு தொடக்கத்துக்கு முன்னால் இருக்கும் தரவு ஒன்றையும் கொடுத்து, உங்கள் கோட் அதை மறுக்கிறதா அல்லது அமைதியாக விழுங்குகிறதா என்று பாருங்கள். விழுங்கினால் வாசலில் ஒரு சோதனையைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம்.